தேடக் கற்றுக்கொடுப்பது எப்படி: பல்கலைக்கழக நூலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

பல்கலைக்கழக நூலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில் முதலில் வந்து விழும் வேலை, முதலாண்டு மாணவர்களுக்கு நூலகத்தைச் சுற்றிக் காட்டுவது. இது ரெஃபரன்ஸ் பகுதி, இது பருவ இதழ்கள், பையை இங்கே வைக்க வேண்டும், புத்தகத்தை இத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும், தவறினால் அபராதம். துறைவாரியாக வருவார்கள், வரிசையாக நடப்பார்கள், போய்விடுவார்கள். அதைச் செய்யுங்கள். எது எங்கே இருக்கிறது என்று தெரிவதும் தேவைதான். ஆனால் அன்றைக்கே தரவுத்தளம், மேற்கோள் முறை, ஷோத்கங்கா (பிஎச்.டி. ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) என்று எதையும் கற்றுக்கொடுக்க முயல வேண்டாம். கையில் கேள்வி இல்லாத பிள்ளைக்குத் தேடக் கற்றுக்கொடுக்க முடியாது. நான் இங்கே சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே வரும்.

தென் மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் ரெஃபரன்ஸ் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். முதுகலை மாணவர்களுக்கும் பிஎச்.டி. ஆய்வாளர்களுக்கும் தேடல் வகுப்பு எடுப்பது என் வேலையில் பாதி. எங்களிடம் வருபவர்களில் பலர் அவரவர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். பாடநூல், கைடு, வினா வங்கி, இந்த மூன்றோடு பள்ளிக்கூடத்தை முடித்து வந்தவர்கள். ஒரே விஷயத்தை இரண்டு புத்தகங்கள் இரண்டு விதமாகச் சொல்லும், அதில் எது சரி என்று நாம்தான் பார்க்க வேண்டும் என்பதே அவர்களுக்கு இங்கே வந்துதான் தெரிகிறது. அது அவர்கள் குறை இல்லை. யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

எப்போது, யாரைப் பிடித்து

வகுப்புக்கு ஏற்ற நேரம், அசைன்மென்ட் தலைப்போ ஆய்வேட்டுத் தலைப்போ கையில் கிடைத்த இரண்டு வாரத்துக்குள். அதற்கு முன்னால் எடுத்தால் காதில் ஏறாது. அதற்குப் பின்னால் எடுத்தால், எங்கிருந்தோ பத்துப் பக்கம் எடுத்து ஒட்டி முடித்திருப்பார்கள்.

இந்த நேரம் உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் துறை ஆசிரியரைத் தெரிந்திருக்க வேண்டும். சுற்றறிக்கை அனுப்பிப் பயனில்லை. நேரில் போய்க் கேளுங்கள். "சார், இந்த செமஸ்டர் என்ன அசைன்மென்ட் கொடுக்கிறீங்க? அதை வச்சே ரெண்டு மணி நேரம் நான் பசங்களோட உக்காரலாமா?" என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. கூடவே இன்னொன்றும் கேளுங்கள். 'நீர்ப்பாசன வரலாறு, பத்துப் பக்கம்' என்று கொடுத்தால் நகல்தான் வரும். அதற்குப் பதிலாக, 'ஒரு கேள்வி, ஐந்து ஆதாரங்கள், ஒவ்வொன்றையும் ஏன் எடுத்தாய், எது எதோடு முரண்படுகிறது, இரண்டு பக்கம்' என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். திருத்துவதற்கும் இரண்டு பக்கம் எளிது. ஆசிரியர்களைச் சம்மதிக்க வைக்கும் வாதங்களில் இதைவிட வலுவானதை நான் கண்டதில்லை.

பிஎச்.டி. மாணவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. ஆய்வு, பதிப்பு நெறிமுறைகள் பற்றிய இரண்டு கிரெடிட் தாளை 2019 இறுதியில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கட்டாயமாக்கியது. அதன் ஆறு அலகுகளில் கடைசியானது தரவுத்தளங்களும் ஆய்வு அளவீடுகளும். அது நம் வேலை. துறைத்தலைவரிடம் போய், அந்த அலகை நான் எடுக்கிறேன் என்று உரிமையோடு கேளுங்கள்.

ஒரு தடவைக்கு இருபது, இருபத்தைந்து பேர் போதும். கணினிக்கு இருவர். முதல் கால் மணி நேரத்துக்கு மேல் நீங்கள் பேசக் கூடாது. பவர்பாயின்ட் வேண்டாம் என்பது என் கருத்து. திரையில் ஓடும் படத்தைப் பார்த்து யாரும் தேடப் பழகியதில்லை.

தலைப்பைக் கேள்வியாக்குவது

மாணவர்கள் கொண்டுவருவது தலைப்பு. தலைப்பை வைத்துத் தேடினால் கடல்போல வந்து கொட்டும். முதல் வேலை அதைக் கேள்வியாக்குவது. அதற்கு விரிவுரை தேவையில்லை, பேச்சுக் கொடுத்தால் போதும். வரலாறு எம்.ஏ. படிக்கும் ஒரு பெண் 'ராமநாதபுரம் மாவட்டத்தில் நீர்ப்பாசனம்' என்று எழுதிக்கொண்டு வந்தாள்.

"எந்த ஊரும்மா நீ?"

"ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், மேடம்."

"அங்கதானே அந்தப் பெரிய கண்மாய்? நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைன்னு சொல்வாங்களே."

"ஆமா மேடம். எங்க தாத்தா மடை திறந்துவிடுற வேலை பார்த்தவர்."

"எந்த மடையை எப்போ திறக்கணும்னு யார் சொல்வாங்க அவருக்கு?"

கொஞ்சம் யோசித்தாள். "இப்போ பி.டபிள்யூ.டி. முன்னாடி ஊர்லயே முடிவு பண்ணியிருப்பாங்க."

"அது எப்போ மாறுச்சு? ஏன்?"

பதில் தெரியவில்லை என்றாள். சரி, அதையே எழுதிக்கொள் என்றேன். கண்மாயில் தண்ணீர் பங்கிடும் பொறுப்பு ஊராரிடமிருந்து அரசுத் துறைக்கு எப்போது, எப்படிக் கைமாறியது? தேடக்கூடிய கேள்வி இது. யார், எங்கே, எப்போது, எது மாறியது என்று நான்கைந்து பிடிகள் இதில் இருக்கின்றன. தலைப்பில் ஒன்றுகூட இல்லை.

மாணவர் ஊரைக் கேட்பது என் வழக்கம். வேதியியல் மாணவரானாலும் கேட்பேன். தோல் பதனிடும் ஊர், சாயப்பட்டறை ஊர், உப்பளம், பட்டாசு என்று ஏதோ ஒன்று அவர்கள் பாடத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். அவருக்கு ஏற்கெனவே பாதி தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கினால், படித்ததில் எது இடிக்கிறது என்று அவருக்கே தெரியும். எடைபோடும் பழக்கம் அங்கேதான் பிறக்கிறது.

விசைப்பலகையைத் தொடும் முன் ஒரு தாள்

வகுப்பில் அதிக நேரம் இதற்குக் கொடுங்கள். இணையத்தில் ஒன்றும் இல்லை மேடம் என்று வருகிற மாணவர் பெரும்பாலும் ஒரே சொல்லை வைத்துத் தேடியிருப்பார். கேள்வியில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் இதுவரை எழுதியவர்கள் என்னென்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். கணினித் திரை அணைந்திருக்கட்டும்.

கண்மாயையே எடுத்துக்கொள்வோம். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரத்தில் கண்மாய். வடக்கே போனால் ஏரி. நெல்லைப் பக்கம் குளம். ஏந்தல், தாங்கல் என்றும் உண்டு. ஆங்கிலத்தில் இது எல்லாமே அரசு ஆவணங்களில் 'டேங்க்'தான். வெறும் 'டேங்க்' என்று போட்டால் ராணுவ வண்டி வந்து நிற்கும். 'டேங்க் இரிகேஷன்' என்று சேர்த்து, மேற்கோள் குறிக்குள் அடைத்துப் போட வேண்டும். கண்மாய் என்பதையே ஆங்கில எழுத்தில் ஒருவர் kanmai என்று எழுதியிருப்பார், இன்னொருவர் kanmoi என்று எழுதியிருப்பார். இரண்டையும் நடுவில் 'ஆர்' (OR, அல்லது) போட்டு இணைக்கக் கற்றுக்கொடுங்கள். 'ஆண்ட்', 'ஆர்' பற்றிப் படம் வரைந்து விளக்குவதைவிட இந்த ஓர் உதாரணம் நன்றாக ஏறும்.

தண்ணீர் பங்கிட்ட ஆளுக்கும் பல பெயர்: நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன், கம்புகட்டி. அந்தப் பெண்ணின் தாத்தாவை ஊரில் எப்படி அழைத்தார்கள் என்று வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். நூலகப் பட்டியல் எதிலும் கிடைக்காத தேடுசொல் அப்படித்தான் கிடைக்கும்.

அடுத்து, ஊர்ப் பெயர். பழைய ஆங்கில ஆவணங்களில் ராமநாதபுரம் 'ராம்நாட்'. அந்த மாவட்டமே 1910-இல்தான் உருவானது. அதற்கு முந்தைய செய்தி மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களுக்குள் இருக்கும். 1985-இல் ராமநாதபுரத்திலிருந்து சிவகங்கை, விருதுநகர் பகுதிகள் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஆகவே 1950-இல் 'ராமநாதபுரம் மாவட்டத்தில் இத்தனை கண்மாய்கள்' என்று ஓர் எண் கிடைத்து, அதை இன்றைய எண்ணோடு ஒப்பிட்டு 'பாதிக்கு மேல் அழிந்துவிட்டன' என்று எழுதினால் கதை கெட்டது. இதே சிக்கல் தஞ்சாவூர், திருச்சி, தூத்துக்குடி என்று எந்த ஊரைத் தொட்டாலும் வரும்: பழைய எழுத்துக்கூட்டல் ஒன்று, புதியது ஒன்று, எல்லைகள் வேறு வேறு. வகுப்பில் இருக்கும் எல்லோரையும் தங்கள் மாவட்டத்தின் பழைய பெயர், பிரிந்த ஆண்டு இரண்டையும் எழுத வைத்துவிடுங்கள்.

காலம் பற்றி ஒரு வார்த்தை. 'குடிமராமத்து' (ஊரார் கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் பழைய முறை) என்று தேடினால் 2017-இல் தமிழக அரசு அந்தப் பெயரில் தொடங்கிய திட்டத்தைப் பற்றிய செய்திகள் வந்து மேலே மூடிக்கொள்ளும். பழைய குடிமராமத்து வேண்டுமானால் தேடலில் ஆண்டு வரம்பு வைக்க வேண்டும். கூகுள் ஸ்காலரில் அது இடப்பக்கத்திலேயே இருக்கிறது. காட்டாமல் விட்டால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

தமிழில் தேடும்போது இன்னொரு நுணுக்கம் உண்டு. ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட எந்த வழிகாட்டியிலும் இது இருக்காது. பல நூலகப் பட்டியல்களிலும் தரவுத்தளங்களிலும் சொல்லின் இறுதியில் நட்சத்திரக் குறி போட்டால் அதிலிருந்து நீளும் எல்லாச் சொற்களும் வரும். தமிழில் 'கண்மாய்' என்று முழுதாக எழுதி நட்சத்திரம் போட்டால் 'கண்மாயில்', 'கண்மாயின்' வராது. காரணம், கணினிக்கு 'ய்' என்பது ய-வும் புள்ளியும். 'யி' என்பது ய-வும் இகரக் குறியும். புள்ளியை எடுத்துவிட்டு 'கண்மாய' என்று நிறுத்தி நட்சத்திரம் போட்டால் எல்லாம் வரும். 'குளம்' இன்னும் மோசம். வேற்றுமை ஏறியதும் 'குளத்தில்', 'குளத்தின்' என்று உருவமே மாறிவிடும். அதற்கு 'குளம்' ஒரு தடவை, 'குளத்த' போட்டு நட்சத்திரம் ஒரு தடவை என்று இரண்டு தேடல். தமிழ்த் துறை மாணவர்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். மகரம் கெட்டு அத்துச் சாரியை வருவதை இளங்கலையில் படித்தவர்கள். அது தேடலில் வேலை செய்வதைப் பார்க்கும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது.

எழுத்துருவையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். யூனிகோடு பரவலாகும் முன் தட்டச்சான தமிழ்க் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. பார்க்கத் தமிழ், உள்ளே வேறு குறியீடு. சோதிக்க எளிய வழி: பிடிஎஃப் கோப்பில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கலைந்து வந்தால் அந்தக் கோப்புக்குள் தமிழில் எதைத் தேடினாலும் அகப்படாது. ஒட்டுவதற்கு வரியே பிடிபடவில்லை என்றால் அது வெறும் படம். இரண்டிலும் சாதாரணத் தேடல் உதவாது, பொருளடக்கத்தைக் கண்ணால் படிக்க வேண்டும். 'கிடைக்கவில்லை' வேறு, 'இல்லை' வேறு என்று மாணவர் உணர்வது இந்தச் சோதனையில்தான்.

எங்கே தேடுவது

இது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவான நேரம் எடுக்க வேண்டிய பகுதி. எல்லாத் தரவுத்தளத்தையும் ஒரே நாளில் காட்டினால் ஒன்றும் நிற்காது. முதல் வகுப்புக்கு நம் நூலகத்தின் ஓபேக் (கணினிவழிப் புத்தகப் பட்டியல்), ஷோத்கங்கா, கூகுள் ஸ்காலர் மூன்றும் போதும்.

ஷோத்கங்காவில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் ஐந்து லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. மாணவர்கள் அதைத் திறந்து முதல் இயலைப் படிக்கத் தொடங்குவார்கள். தடுத்துவிடுங்கள். அங்கே ஆய்வேடுகள் இயல் இயலாகத் தனித்தனிக் கோப்புகளில் இருக்கும். நூற்பட்டியல் கோப்பைத்தான் முதலில் திறக்க வேண்டும். நெருங்கிய தலைப்பில் ஒருவர் மூன்று, நான்கு வருடம் அலைந்து சேர்த்த பட்டியல் அது. எந்த ஆவணக் காப்பகம், எந்த அரசாணை, எந்தப் பழைய நூல் என்று வழி முழுக்க அதில் இருக்கும். தமிழ் ஆய்வேடுகளின் தலைப்பு சில நேரம் ஆங்கில எழுத்தில் பதிவாகியிருக்கும். தேடி வரவில்லை என்றால் பல்கலைக்கழகம், துறை என்று பட்டியல் வழியே இறங்கச் சொல்லுங்கள்.

அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் 'ஒரே நாடு ஒரே சந்தா' பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். 2025 ஜனவரியிலிருந்து 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அதன் வழியே கிடைக்கின்றன. இது தெரியாமல், கட்டுரைக்கு டாலரில் பணம் கேட்கும் பக்கத்தைப் பார்த்ததும் மூடிவிட்டுப் போகிற பிள்ளைகள் ஏராளம். அந்தப் பக்கம் வந்தால் நூலகரிடம் வா என்று ஒரு வரியைப் பலகையில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

மற்றவை தலைப்பைப் பொறுத்து. இலக்கியம், பழைய இதழ்கள் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். வன்னிக் குளங்களோடு ஒப்பிட வேண்டும் என்றால் ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற பெயரில் உள்ள இணையத்தளம். வருவாய்த் துறைப் பழைய பதிவுகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். கிளம்பும் முன் துறையிலிருந்து கடிதம் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கிடைத்ததை எடைபோடுவது

நம்பத்தக்கதா என்று பார்க்க ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் கொடுப்பது எளிது. ஆசிரியர் பெயர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, இணையதளம் நேர்த்தியாக இருக்கிறதா என்று டிக் அடித்துக்கொண்டு போவார்கள். பொய்யான தளங்களும் இவை எல்லாவற்றையும் வைத்திருக்கும். அதனால் நான் ஓர் எண்ணைக் கொடுத்து அதன் பின்னால் போகச் சொல்வேன்.

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன என்று செய்திகளில் வரும். இன்னொரு இடத்தில் சுமார் 14,000 என்று இருக்கும். எது சரி? அரை மணி நேரம் கொடுங்கள். ஒவ்வொரு எண்ணையும் சொன்னவர் யார், அவர் எங்கிருந்து எடுத்தார், அவருக்கு முன்னால் யார் சொன்னது என்று பின்னோக்கிப் போகட்டும். புதுப் புதுத் தாவல்களாகத் திறந்து பக்கவாட்டில் பார்க்கப் பழகுவது இப்படித்தான். ஒரே பக்கத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நம்பத்தக்கதா என்று தெரியாது. கடைசியில் வந்து சேர்வார்கள்: 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை நீர்வளத் துறையிடம் இருக்கின்றன, அவைதான் அந்த 14,000 சொச்சம். சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடம். இரண்டையும் கூட்டினால் பெரிய எண். இரண்டு எண்ணும் சரி. எண்ணியவர் யார், எதை எண்ணினார் என்பதைச் சொல்லாமல் எடுத்துப் போட்டால் இரண்டுமே தவறாகிவிடும். உங்கள் பகுதிக்கு ஏற்ற ஓர் எண்ணை இப்படித் தேடி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்களே கடைசி வரை போய்ப் பார்த்த எண்ணாக இருக்க வேண்டும்.

பழைய நூல் என்றாலே உண்மை என்று நினைப்பவர்களும் உண்டு. ஜே.எச். நெல்சன் 1868-இல் எழுதிய மதுரை மாவட்ட மேனுவல் கண்மாய் ஆய்வுக்கு நல்ல ஆதாரம். அதே நேரத்தில் அது ஆங்கில அரசின் அதிகாரி ஒருவர் அரசுக்காக எழுதியது. அவர் கண்ணில் எது பட்டிருக்கும், எது பட்டிருக்காது என்று மாணவரிடம் கேளுங்கள். அந்தப் பெண் சொன்ன பதில்: "மடையில நின்னவங்க யாரும் எழுதலை மேடம்." அப்படியானால் தாத்தாவிடம் கேட்டு எழுது என்றேன். ஒலிப்பதிவு செய், தேதி போடு, இடம் போடு, அவர் சம்மதத்தையும் வாங்கிக்கொள். அவர் சொன்னதும் ஆதாரம்தான். மேனுவலைச் சோதிப்பது போலவே அதையும் சோதிக்க வேண்டும்.

அறிவியல் மாணவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: வெளியான பிறகு அந்தக் கட்டுரைக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998-இல் லான்செட் இதழில் வந்த கட்டுரை 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்டது. 2010-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. இன்றும் தேடினால் கிடைக்கும், மேற்கோள் எண்ணிக்கையும் ஆயிரக்கணக்கில் காட்டும். இதழின் சொந்தப் பக்கத்துக்குப் போனால் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரை தெளிவாகத் தெரியும். மேற்கோள் எண்ணிக்கை மட்டும் பார்த்து மதிப்பிடுகிற பழக்கம் அந்த ஒரு பக்கத்தோடு போய்விடும்.

சாட்ஜிபிடி கொடுத்த நூற்பட்டியல்

பயன்படுத்தாதே என்று சொல்லிப் பயனில்லை. பயன்படுத்துவார்கள், நம்மிடம் மறைப்பார்கள். அதனால் வகுப்பிலேயே திறக்கச் சொல்வேன். அவரவர் கேள்வியைக் கொடுத்துப் பத்து ஆதாரங்கள் கேட்கட்டும். பிறகு ஒவ்வொன்றையும் பிடித்துச் சோதிக்கட்டும். டி.ஓ.ஐ. எண் (கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்) இருந்தால் அதற்கான தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த எண் 10 என்று தொடங்கும். இதழ் இருக்கிறதா, அந்த ஆண்டின் அந்தத் தொகுதியில் அந்தப் பக்கங்களில் அந்தக் கட்டுரை இருக்கிறதா? இதழும் உண்மை, ஆசிரியரும் உண்மை, கட்டுரை மட்டும் இல்லை என்பதுதான் ஆபத்தான வகை. மேலோட்டமாகப் பார்த்தால் பிடிபடாது. தொகுதியின் பொருளடக்கம் வரை போக வேண்டும்.

நியூயார்க்கில் 2023-இல் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த ஆறு வழக்குகளை உண்மை என்று நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள். சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு இதைச் சொன்னால் போதும்.

அதனிடம் எதைக் கேட்கலாம் என்றும் சொல்லுங்கள். சொல் பட்டியலை விரிவாக்க உதவும். புரியாத ஆங்கிலப் பத்தியைத் தமிழில் விளக்கக் கேட்கலாம். விளக்கத்தை மூலத்தோடு வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்கு அது பெரிய துணை, அதை நாம் பறிக்கக் கூடாது.

மேற்கோளும் திருட்டும்

மேற்கோள் முறையை ஏபிஏ, எம்எல்ஏ என்று விதி விதியாக நடத்த வேண்டாம். மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் மென்பொருளான ஸோட்டரோ இலவசம். நிறுவிக் கொடுத்து, ஐந்து ஆதாரங்களை அதில் சேர்க்க வையுங்கள். தமிழ்ப் பெயரில் தலைப்பெழுத்து முன்னால் வருவதால் முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற கட்டங்களில் மென்பொருள் குழப்பும். அதை மட்டும் கையால் சரிசெய்யக் காட்டுங்கள்.

யுஜிசியின் 2018 விதிகளின்படி ஆய்வேடு பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் தர முடியாது. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. இதைச் சொன்னதும் மாணவர் மனதில் '9 சதவீதம் வந்தால் போதும்' என்ற கணக்கு ஓடத் தொடங்கும். மென்பொருளுக்குத் தெரியாமல் சொல்லை மாற்றிப் போடுவது எப்படி என்று நம்மிடமே கேட்பார்கள். அந்த இடத்தில் உறுதியாக இருங்கள். மென்பொருள் தரும் அறிக்கையைத் திறந்து, நிறம் பூசிய பத்தி ஒன்றை எடுத்து, மூலத்தை மூடிவைத்துவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று உன் வாயால் சொல் என்று கேளுங்கள். சொல்ல வந்தால் எழுதவும் வரும். சொல்ல வரவில்லை என்றால் அந்தப் பத்தியை அவர் இன்னும் படிக்கவில்லை. திரும்பப் படிக்க அனுப்புங்கள்.

போலி இதழ்கள்

ஆய்வாளர்களுக்கு இது தனி வகுப்பு. 2025 பிப்ரவரியில் யுஜிசி தன் கேர் பட்டியலை (அது ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியல்) கைவிட்டதால், இதழ் நல்லதா என்று பார்க்கும் பொறுப்பு நிறுவனத்தின் மீதும் ஆய்வாளர் மீதும் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் 'இரண்டு நாளில் வெளியீடு, சான்றிதழுடன்' என்று வரும் செய்தியை ஆய்வாளர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான், கேட்கவாவது வருகிறார்கள். நான் திட்டுவதில்லை. அந்த இதழின் முந்தைய வெளியீட்டில் வந்த இரண்டு கட்டுரைகளை உட்கார்ந்து படி என்பேன். ஆசிரியர் குழுவில் இருக்கும் ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர் இந்த இதழைத் தன் பணியாகக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பார். ஐ.எஸ்.எஸ்.என். எண் (இதழுக்கான அடையாள எண்) அதே பெயருக்குத்தான் பதிவாகியிருக்கிறதா? நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் களவாடி நடத்தும் நகல் தளங்கள் இருக்கின்றன. மதிப்பீட்டாளர் குறிப்பு வந்ததா, வந்தால் அதில் என்ன இருந்தது என்று அங்கே எழுதிய சீனியரிடம் கேள். இவ்வளவும் ஒரு பிற்பகலில் முடியும்.

மேசையில் உட்காரும்போது

வகுப்பு முடிந்த பிறகுதான் உண்மையில் கற்றுக்கொடுக்கும் வேலை தொடங்குகிறது. எங்கே, எந்தச் சொல்லால், எந்த நாளில் தேடினேன், என்ன வந்தது, அடுத்து எதை மாற்றினேன் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தேடல் குறிப்பேடு என்று நாங்கள் சொல்வோம். அதைக் கொண்டுவந்தால் எங்கே தடம் மாறினார்கள் என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். ஆசிரியர் அந்த நோட்டுக்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்கினால் எல்லோரும் எழுதுவார்கள், ஒதுக்கும்படி கேளுங்கள்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பதை நூலகவியலின் நான்காம் விதியாக வைத்தார். இதைக் காரணம் காட்டி, மாணவர் கேட்டதும் தேடி எடுத்துக் கையில் கொடுத்துவிடுவதே சேவை என்று சில மூத்தவர்கள் உங்களிடம் சொல்வார்கள். நாளைக் காலை கருத்தரங்கம் என்று ஓடிவரும் பேராசிரியருக்கு அப்படிச் செய்யுங்கள். மாணவருக்கு வேண்டாம். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போடுங்கள், மவுஸ் அவர் கையிலேயே இருக்கட்டும். இன்றைக்கு இருபது நிமிடம் கூடுதலாகும். அவருடைய அடுத்த இரண்டு வருட நேரம் மிச்சமாகும். ரங்கநாதன் சொன்ன சேமிப்பை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

கூச்சப்படுபவர்கள் மேசைக்கு வரமாட்டார்கள். அடுக்குகளுக்கு நடுவே ஒரே வரிசையில் இரண்டு மூன்று தடவை நடக்கிறவர், ஓபேக் திரை முன் நின்று சுற்றும் முற்றும் பார்க்கிறவர், இவர்களிடம் நாமே போக வேண்டும். "என்ன தேடுற தம்பி?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல சார், சும்மா" அல்லது "ஒண்ணுமில்ல மேடம்" என்றுதான் முதலில் வரும். விட்டுவிடாதீர்கள். எந்த டிபார்ட்மென்ட், என்ன அசைன்மென்ட், எந்த ஊர் என்று அடுத்தடுத்துக் கேளுங்கள்.

ஆய்வேடு சமர்ப்பிக்கும் மார்ச், ஏப்ரலில் கூட்டம் நெரியும். ஜனவரியிலேயே துறைவாரியாக ஒரு பிற்பகலை ஒதுக்கி, அறிவிப்புப் பலகையில் உங்கள் பெயரையும் உட்காரும் இடத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள். 'நூலகரை அணுகவும்' என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள். பெயர் போட்டு, 'புதன்கிழமை மதியம் 2 முதல் 4 வரை, ரெஃபரன்ஸ் பகுதி ஜன்னல் ஓர மேசை, உங்கள் கேள்வியோடு வாருங்கள்' என்று எழுதுங்கள்.